பங்காளி கொடுத்த மாத்திரை

மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும் என்று சென்னியப்பன் சொல்லியிருந்தான். சொன்னவன் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். மாத்திரை மட்டும் இப்போது நாச்சிமுத்துவின் வயிற்றுக்குள் கரைந்துகொண்டிருக்க வேண்டும். கரைகிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது, வயிற்றையா கேட்க முடியும். அவர் டயாலிசிஸ் கட்டிலில் சாய்ந்து, இடது கையை அசையாமல் நீட்டி வைத்துக்கொண்டு, இடது காலையே பார்த்தபடி கிடந்தார். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, தலைமாட்டில் நிற்கும் மெஷினுக்குள் சுற்றி அழுக்குக் கழிந்து, மற்றதன் வழியாகத் திரும்பி வருகிறது. இரண்டு கிட்னியும் கைவிட்ட மனுஷனுக்கு வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் இப்படிக் கிடந்தால்தான் உயிர். கை கிடக்கும், உடம்பு கிடக்கும், இந்தக் கால் கிடக்காது. சும்மா வைத்த கொஞ்ச நேரத்தில் கெண்டைச் சதைக்குள் எங்கிருந்தோ ஒன்று கிளம்பும். வலியில்லை. வலியென்றால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு அழுதுவிடலாம். அரிப்பும் இல்லை, சொறிந்தால் கேட்காது. எலும்புக்குள்ளே யாரோ சோடா ஊற்றிவிட்ட மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். காலை உதறினால் ஒரு கணம் அடங்கும். அடங்கிவிட்டது என்று நினைத்து முடிப்பதற்குள் மறுபடியும் நுரைக்கும். எழுந்து நடந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், ஆனால் எழ முடியாத இடத்தில்தான் அது வரும். அந்த விஷயத்தில் அதற்கு மனுஷப் புத்தி. மயிலாத்தாளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உக்காந்த எடத்துல காலை ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறவள் அவள். ஆட்டி ஆட்டித்தான் கிட்னி போச்சோ என்னமோ என்று ஒருநாள் சாம்பாருக்குப் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், அதனால் அவருக்கும் கோபம் வரவில்லை.

இதோ ஒரு தரம் ஆடிவிட்டது. போர்வைக்குள் பெருவிரல் மேலே நிமிர்ந்து, கால் முழுக்க ஒரு வெட்டு வெட்டி இறங்கியது. பரவாயில்லை, இன்னும் அரை மணி ஆகியிருக்காது. இடது கால், கிளட்ச் கால். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறித் தாளவாடிக்குப் போகிற பஸ்ஸை வயது முழுக்க ஓட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு, அந்தக் கால் பட்ட பாடு கொஞ்சமல்ல. வண்டியை விட்டு இறங்கியது அவர்தான், கால் இன்னும் இறங்கவில்லை என்று சென்னியப்பன் கேலி பண்ணுவான். ‘பங்காளி, எந்த வளைவுல இருக்கீங்க, ஆரனை அடிங்க, எதுத்தாப்புல லாரி வருது’ என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து கத்துவான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோபியைச் சுற்றி எந்தக் கல்யாணம், எந்த மாரியம்மன் பண்டிகை என்றாலும் அவன் கட்டின குழாய்தான் கத்தும், ரேடியோ செட்டுக்காரன். மைக்குக்கு முன்னாலேயே பேசிப் பழகிய வாய், ஆஸ்பத்திரியில் மட்டும் அடங்குமா. பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தவனும் அவன்தான். மெஷினைப் பங்கு போட்டுக்கொண்டவன் பங்காளி இல்லாமல் வேறு யார் என்பான். முதல் நாள் வந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு எல்லாம் சொல்லித் தந்ததும் அவனே. எந்த சிஸ்டர் குத்தினால் வலிக்காது, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்காமல் ஒரு ஐஸ் கட்டியை வாயில் எப்படி ஒதுக்குவது, இறங்கும்போது தலை சுற்றினால் எதைப் பிடித்துக்கொள்வது. அவனுக்கும் இதே கால்தான். இரண்டு பேர் காலும் சேர்ந்து ஆடினால் வார்டே பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ஆடுகிற கால் இரண்டு இருந்தபோது அது ஒரு வியாதியாகவே தோன்றவில்லை. இப்போது ஒன்றுதான்.

நாக்கு காய்ந்திருந்தது. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல்தான் விழுங்கினார், ஆஸ்பத்திரி வாசலில், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி நின்று. ஒரு நாளைக்கு அளந்து குடிக்கிற தண்ணீரில் ஒரு மடக்கை இதற்குச் செலவழிக்க மனசு வரவில்லை. தொண்டையில் கொஞ்ச நேரம் நின்று, கசந்து, இறங்கியது. சட்டைப் பையில் மிச்சம் இருக்கிறது, தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அட்டையின் வெட்டு முனை பனியனைத் தாண்டி நெஞ்சில் குத்துகிறது. வெள்ளிக்கிழமை, அவன் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை, ஜெயமேரி சிஸ்டரிடம் பிளாஸ்டர் வெட்டுகிற கத்தரியைக் கேட்டு வாங்கினான். எதுக்குங்கண்ணா என்றாள். நகம் வெட்ட என்றான், கூசாமல். மச்சானுக்கு இடுப்புப் பிடிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, சதையைத் தளர்த்துகிறதாம், மச்சான் ரெண்டு போட்டுவிட்டு மீதியைப் போட்டுவைத்திருந்தான். ‘நேத்து ஒண்ணு போட்டேன் பங்காளி. காலு செத்த பாம்பாட்டம் கெடந்துச்சு. ஒரு வருசத்துக்குப் பொறகு விடியற முட்டுமுந் தூங்குனேன்.’ சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்ததோ, இல்லை, அது மெஷின் உடம்புத் தண்ணீரை எடுக்கும்போது வருகிற களைப்போ. அட்டையை நடுவில் வெட்டினான். ‘இந்தாங்க, உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. பாகம் பிரிச்சாச்சு, நாளைக்கு எம்பட வீட்டு வாசல்ல வந்து வழக்குப் பேசக் கூடாது.’ டாக்டரம்மாவைக் கேக்க வேண்டாமா என்றார் இவர். ‘கேட்டா ஆயிரஞ் சொல்லுவாங்க. அவிய காலு ரெண்டும் சும்மா கெடக்குதுங்க, அவியளுக்கென்ன தெரியும்.’ இதில் ஒன்றும் அதிசயமில்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான். ஒருவருக்கு மாத்திரை தீர்ந்துபோனால் அடுத்த கட்டில்காரர் நாலு கொடுப்பார், அடுத்த வாரம் திருப்பி வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிற மாதிரி. உள்ளே ஓடுகிற ரத்தமே ஒரே மாதிரி மெஷினில் சுற்றும்போது மாத்திரையில் என்ன உன்னுது என்னுது.

ஆனால் டாக்டரம்மா சொல்லாமலா விட்டார். சொல்லியிருந்தார். ரத்தத்தில் இரும்பு குறைவு, ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ‘காலுக்குன்னு கண்டதை வாங்கிப் போட்ராதீங்க நாச்சிமுத்து. மத்தவங்களுக்கு மாத்திரை மூத்திரத்துல வெளிய போயிரும். உங்களுக்கு எங்க போகும்? உள்ளயே நிக்கும். போடப் போடச் சேரும்.’ தலையை ஆட்டினார். நடக்கிற காரியமா அது. போன திங்கட்கிழமை முக்கால்வாசி நேரம் வரைக்கும் பல்லைக் கடித்துக் கிடந்தார். அப்புறம் கால் தானாக ஒரு உதை விட்டது, உடம்பு திரும்பி, கையில் ஊசி நகர்ந்து, மெஷின் கீகீயென்று கத்தி, போர்வையெல்லாம் ரத்தம். எடுத்து விடுங்க சிஸ்டர், எடுத்து விடுங்க என்று அவர்தான் கூச்சல் போட்டார். எடுத்து விட்டார்கள். வார்டை இரண்டு சுற்றுச் சுற்றி நடந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது, அந்தச் சுகத்துக்காக ஒரு வாரம் ஆயுளைக் கொடுக்கலாம் என்று இருந்தது. கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்படிப் பாதியில் பாதியில் எழுந்தால் அழுக்கு உள்ளேயே தங்கும், நெஞ்சுக்கு நீர் ஏறும், அப்புறம் எங்களைக் குறை சொல்லக் கூடாது என்று டாக்டரம்மா மயிலாத்தாளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மயிலாத்தாள், எனக்காவது நீங்க நாலு மணி நேரங் கெடக்கக் கூடாதுங்களா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்த மாத்திரை. வேறு எதற்கும் இல்லை. வேறு எதற்கும் இல்லை என்று இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டபோது நாச்சிமுத்துவுக்கே அது பொய்யென்று பட்டது.

ஏனென்றால் சென்னியப்பனின் காலை அவர் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேதி வந்து, மயிலாத்தாளும் அவரும் மாலையோடு போனபோது, வாசலில் பந்தல் போட்டுப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஊரில் எல்லா எழவுக்கும் ரேடியோ கட்டினவன் வீட்டு எழவுக்கு ரேடியோ இல்லை, யாருக்கும் அந்த ஒயர்களைத் தொட மனசு வரவில்லை. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து மாலையைப் போட்டுவிட்டுக் கால்மாட்டுக்குப் போய் நின்றுகொண்டார். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள், எல்லாப் பிணத்துக்கும் கட்டுகிறதுதான். ஆனால் அந்தக் கட்டு அதற்குத் தேவையே இல்லாத மாதிரி அவ்வளவு சமத்தாக இருந்தது கால். ஒரு வருஷம் பக்கத்தில் படுத்துப் பார்த்த கால், அது சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க என்ன தோன்றியது தெரியுமா. துக்கம் இல்லை, அது அப்புறம் வந்தது. பொறாமை. அடப்பாவி, உன் கால் நின்றுவிட்டதே என்று பொறாமை. தன் கால் அந்நேரம் வேட்டிக்குள் துடித்துக்கொண்டிருந்தது. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக் கூடியதா இது. தூக்கத்துலயே போயிட்டான், நல்ல சாவு என்று ஒருவர் சொன்னார். டயாலிசிஸ்காரருக்குத் திடீரென்று இதயம் நிற்கிறது சகஜம் என்று அந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுவும் உண்மைதான், இந்த வார்டிலேயே அப்படிப் போனவர்கள் உண்டு. அப்போதுதான் சென்னியப்பன் பெண்டாட்டி தெய்வானை இவரைப் பார்த்து எழுந்து வந்தாள், கையைக் கூப்பினாள், சொன்னாள். ‘ரெண்டு நாளா நல்லாத் தூங்குனாருங்கண்ணா. வெள்ளிக்கெழம ராத்திரியும் தூங்குனாரு, நேத்தும் பால் குடிச்சுப்போட்டு அப்பவே படுத்தாரு. வெயில் ஏறியும் எந்திரிக்கல. எத்தன நாளைக்குப் பொறகு தூங்கறாரு, கெடக்கட்டும்னு நானும் எழுப்பலீங்கண்ணா.’ நாச்சிமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. பாதி அட்டை அங்கேதான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் என்ன ஆவாள். புருஷன் நன்றாகத் தூங்கினான் என்கிற ஒரே ஒரு ஆறுதல், அதையும் பிடுங்கிக்கொள்வதா. தண்ணி குடி அம்முணி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அட்டையைக் குப்பையில் போட்டிருக்க வேண்டாமா. போடவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அட்டையும் சட்டைக்குச் சட்டை மாறியது. தினமும் அதை எடுத்துப் பார்த்தார். கொன்றது நீயா, கொன்றது நீயா. அட்டை பதில் சொல்லவில்லை. ஒன்றை விழுங்கினால் தெரிந்துவிடும் என்று எப்போதிலிருந்து நினைக்க ஆரம்பித்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. மெஷினின் சக்கரம் ஒரே சீராகச் சுற்றுகிற ஓசை, மலை ஏறி ஆசனூர் தாண்டிச் சமதளத்தில் நாலாவது கியரில் போகிற ஓசை மாதிரி. எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. எதை. பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டோமா. சாவி, குடை, டிபன் பாத்திரம். அப்புறம்தான் தெரிந்தது, கால். கால் ஆடவில்லை. எவ்வளவு நேரமாக ஆடவில்லை என்று தெரியவில்லை. கெண்டைச் சதைக்குள் தேடிப் பார்த்தார். நுரை இல்லை, ஊறல் இல்லை, ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பாக, மழைக்காலத்தில் சாக்குக்குள் சுருண்ட பூனை மாதிரி கிடந்தது. கடவுளே என்று வாய்க்குள் சொன்னார். பெரிய கும்பிடு போடலாம் போல இருந்தது, கை இல்லை, ஒரு கையில் ஊசி. அழுகை வந்தது. ஒரு வருஷம், ஒரு வருஷம் இதைத்தானே கேட்டோம், இவ்வளவுதானே. மயிலாத்தாளிடம் சொல்ல வேண்டும், நாலு மணி நேரமும் கிடந்தேன் என்று. இடுப்பும் இளகி, தோள் இளகி, தாடைகூட இளகி வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. மூட நினைத்தார், வாய் ஒரு கணம் கழித்துத்தான் மூடியது. அந்த ஒரு கணத்தில்தான் முதுகுக்குள் சில்லென்று இறங்கியது. சென்னியப்பனும் இப்படித்தான் கிடந்திருப்பான். இதே வெதுவெதுப்பு, இதே நன்றி. அப்பாடா என்றுதான் நினைத்திருப்பான், பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. எங்கே, காலை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்போம். ஆடு. ஆடமாட்டேன் என்று அது சொல்லவில்லை, அது அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை. போர்வை கட்டைவிரல் இரண்டுக்கும் மேல் கூடாரம் மாதிரி நின்றது, ஒன்றோடொன்று ஒட்டி. யார் சேர்த்து வைத்தது இரண்டையும். யாரும் கட்டவில்லையே. கட்டவில்லை, கட்டவில்லை, போர்வைதான். கண் சொக்கியது. மலையில் மத்தியானத் தூக்கம்தான் ஆளைக் கொல்லும். ராத்திரித் தூக்கம் கொட்டாவி விட்டு, கண்ணை எரித்து, சொல்லிக்கொண்டு வரும். சோறு தின்ற பிறகு வருகிற தூக்கம் அப்படியில்லை, கண் திறந்தே இருக்கும், ரோடு ரோடாகவே இருக்கும், அடுத்த கணம் ரோடு இருக்காது. அதனால்தான் கண்டக்டர் சீட்டுப் போட்டு முடித்ததும் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையாவது பேசிக்கொண்டே இருப்பான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தால்தான் டிரைவர் டிரைவராக இருப்பான். ஓரங்கட்டு, ஓரங்கட்டு நாச்சிமுத்து. எங்கே ஓரங்கட்டுவது, இங்கே ஏது ஓரம்.

“அண்ணா.” யாரோ கூப்பிட்டார்கள். சென்னியப்பனின் கட்டிலிலிருந்து. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது, பிறகுதான் அது பெண்குரல் என்று உறைத்தது. சுகந்தி. அவன் போன பிறகு அந்தக் கட்டிலுக்கு வந்தவள், பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். வந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் அவர் சரியாகப் பேசினதில்லை. அவள் என்ன செய்வாள், கட்டில் காலியாக இருந்தது, வந்தாள். இருந்தாலும் அவன் இடத்தில் ஒரு பூப்போட்ட தலையணையைப் பார்க்க அவருக்கு ஆகவில்லை. “அண்ணா, உங்க காலு இன்னிக்கு ஆடவே இல்லீங்களே,” என்றாள் சுகந்தி. “நானும் வந்ததுல இருந்து பாக்கறேன். என்னுங்க பண்ணுனீங்க?” அவள் போர்வைக்குள் இரண்டு காலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தன. “போன வாரத்துல இருந்து எனக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க. எந்திரிச்சு ஓடிப்போயிரலாமான்னு இருக்குது. பொம்பள இப்படிக் காலை ஆட்டுனா நல்லாவா இருக்குது, எங்க அத்தை பாக்கற பார்வையே செரியில்லீங்க. ஏதாச்சும் மாத்திரைங்களாண்ணா?” அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் அழுகைப் பக்கம் போனது. நாச்சிமுத்துவின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஐயோ பாவம் என்றுதான் போனது, வேறு எதுவுமில்லை. அட்டை விரலில் பட்டது. இந்தா அம்முணி என்கிற வார்த்தை நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ரெண்டாக் கிழிச்சுக் குடுங்க பங்காளி, நம்மகிட்ட என்ன உன்னுது என்னுது. இது யார் குரல். மைக்கில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவனும் இப்படித்தான் கொடுத்தான். இதே இரக்கத்தில், இதே கையால், சிரித்துக்கொண்டே. கொல்ல வேண்டும் என்றா கொடுத்தான். அட்டையின் வெட்டு முனை விரல் நுனியில் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண் எழுந்திருக்கமாட்டாள், இவள் வீட்டுக்காரன் வாசலில் நின்று கையைக் கூப்பி, ரெண்டு நாளா நல்லாத் தூங்குனாளுங்க என்பான், நான் தண்ணி குடி தம்பி என்று சொல்லிவிட்டு வருவேன்.

“சிஸ்டர்,” என்றார். சத்தம் வரவில்லை. நாக்கு தடித்து வாய்க்குள் கிடந்தது. “சிஸ்டர்!” ஜெயமேரி வந்தாள், வந்ததும் மெஷினைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். “இதுல ஒண்ணு போட்டுட்டுத்தான் வந்தனுங்க. சதை தளர்றதுக்கு. இந்த அம்முணி கேக்குது. குடுத்துராதீங்க. யாருக்குங் குடுத்துராதீங்க.” சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஜெயமேரி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவள் ஓடினாள், போனில் டாக்டரம்மாவிடம் பேசினாள், பி.பி. பார்த்தாள், மெஷினில் எதையோ கூட்டினாள், கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைத்தாள். “கண்ண மூடக் கூடாதுங்கண்ணா. மெஷினுக்கு வர்றப்பப் போட்டீங்க, அது கொஞ்சங் கொஞ்சமா இழுத்துரும். இன்னிக்கு நேரங் கூட ஓட்டறோம், வீட்டுக்கும் விடமாட்டோம். இதே நீங்க வீட்டுல போட்டிருந்தா, நாளைக்கு மெஷினும் இல்லாம...” அவள் கண் சென்னியப்பன் கிடந்த கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒரு தேதியும் அறுந்துபோன இரண்டு எழுத்தும்தான் இருந்தன. “பேரு இருக்கற பாதி எங்கீங்கண்ணா? டாக்டரம்மா மாத்திரை பேரு கேக்கறாங்க, எத்தனை பவருன்னு கேக்கறாங்க.” எங்கே இருக்கிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். “போனைக் குடுங்க,” என்றார். “நானே கேக்கறனுங்க.”

இரண்டாவது மணியிலேயே தெய்வானை எடுத்துவிட்டாள். என்ன சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. நல்லா இருக்கறயா அம்முணி என்றார். இருக்கறனுங்கண்ணா என்றாள். பிறகு, நாக்கைத் திரட்டி, பாதி பொய்யாகவாவது சொல்லிவிடலாம் என்று, “சென்னியப்பன் ஒரு மாத்திரை வெச்சிருந்தானே, காலுக்குன்னு... அதும் பேரு வேணும். சும்மாத்தான். இங்க ஒருத்தரு கேக்கறாரு,” என்றார். “எங்கிருக்கீங்கண்ணா?” என்றாள் தெய்வானை. “மெஷின்லதான்.” “எத்தனை போட்டீங்க?” “ஒண்ணு,” என்றார். ஒரு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை, தேடவில்லை, அது அவள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்திருக்கிறது, அத்தனை நாளும். அட்டை சலசலத்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல ஜெயமேரி எழுதிக்கொண்டு ஓடினாள். போனை வைத்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது தெய்வானை சொன்னாள். “தூங்கீறாதீங்கண்ணா.” “கண்ண மூடீறாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். அன்னிக்கு நான் எழுப்பலீங்க. கட்டலுக்குக் கீழ இது கெடந்துது, மூணு எடங் காலியா இருந்துது, பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. ஆருகிட்டச் சொல்றது? நாந்தானுங்கண்ணா அதை முழுங்கப் பாலக் குடுத்தேன், எங்கையால. நீங்க பேசுங்க. எதையாச்சும் பேசுங்க.” இவளுடைய ஆறுதலைப் பிடுங்கக் கூடாது என்று அவர் ஒரு பாதியைப் பையில் சுமந்தது போலவே, அவளும் மற்றப் பாதியை டப்பாவில் போட்டுத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்முணி என்று சொல்ல நினைத்தார், தான் சொன்னோமா என்று நினைத்து நிறுத்திக்கொண்டார். “நீயும் இல்ல, அவனும் இல்ல, ஆருமே தெரிஞ்சு பண்ணலை அம்முணி,” என்றார். அது போதாது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் விடவில்லை. எந்த வளைவில் எந்தக் கோயில் என்று கேட்டாள், மயிலா அக்கா என்ன சமைத்தார்கள் என்று கேட்டாள், அவன் எப்போதோ மைக்கில் தப்பாகக் கூப்பிட்ட மாப்பிள்ளை பேரைச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கண்டக்டரைப் போல விடாமல் பேசினாள். கண் சொருகும்போதெல்லாம் அண்ணா, அண்ணா என்று அதட்டினாள், இருக்கறேன் அம்முணி, இருக்கறேன் என்று இவர் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் சுகந்தி தன் கால் ஆடுவதையும் மறந்து எழுந்து உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் சுவரேறி மஞ்சளானது. போன் சூடேறிக் காதைச் சுட்டது. அப்போது எங்கோ தூரத்தில், கெண்டைச் சதைக்கும் கீழே, எலும்புக்குள், ஒரு சின்ன நுரை. இல்லை, மனப்பிராந்தி. மறுபடியும். போர்வைக்குள் பெருவிரல் நிமிர்ந்து, ஒட்டிக்கிடந்த மற்ற விரலை விட்டு விலகி, கால் ஒரு வெட்டு வெட்டி இறங்கியது.

“கால் ஆடுது அம்முணி,” என்றார் நாச்சிமுத்து.

தெய்வானை மூக்கை உறிஞ்சினாள்.

“ஆடட்டுங்கண்ணா,” என்றாள். “நல்லா ஆடட்டும்.”